வண்டி நிற்கும் இடத்திலிருந்து



ரமளான் நெருங்கும்போது எந்த டிரஸ்டின் வாசலிலும் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "நான் ஒரு வண்டி வாங்கித் தருகிறேன். ஆம்புலன்ஸாக ஓட்டுங்கள். ஸதகத்துல் ஜாரியாவாக இருக்கட்டும்." நல்ல நிய்யத், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் சாவி கைக்கு வந்த மறுநாள் தொடங்கும் கணக்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. டீசல் யார் போடுவது, இரவு இரண்டு மணிக்கு யார் ஓட்டுவது, வண்டி போக முடியாத இடத்தில் நோயாளி கிடந்தால் யார் தூக்கி வருவது?

இந்தக் கேள்விகளுக்கு எண்பது ஆண்டுகளாக நடைமுறையில் பதில் சொல்லி வருபவர்கள் பிரிட்டனின் மலை மீட்புக் குழுவினர். அவர்களுடைய வண்டிகளைப் பற்றியும், அவர்களுக்குத் துணையாக வரும் ஹெலிகாப்டர்களைப் பற்றியும் இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளில் யாராவது தவறி விழுந்தாலோ வழி தவறினாலோ தேடிப் போவது பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள்தான். ஆசிரியர், தச்சர், ஆட்டுப்பண்ணைக்காரர், கடைக்காரர், மருத்துவர் என்று பலரும் இருப்பார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. மீட்கப்பட்டவரிடமும் ஒரு காசு வாங்குவதில்லை. குழு ஓடுவது பெரும்பாலும் நன்கொடையில். கடைகளில் வைத்த உண்டியல் வரைக்கும் அதில் சேர்த்தி. லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கெஸ்விக் குழு 1947-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு கிரேட் கேபிள் மலையில் ஒரு பாறையேறி அடிபட்டுக் கிடந்தபோது, அவரைக் கீழே கொண்டுவர ஆயத்தமான குழு எதுவும் ஊரில் இல்லை. அந்த மீட்பில் பங்கெடுத்த ரஸ்டி வெஸ்ட்மோர்லண்ட் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி பிறகு ஊராரைக் கூட்டிக் குழு அமைத்தார்.

நம் உலமாக்கள் பர்ளு கிஃபாயா என்று சொல்வார்கள். ஜனாஸா தொழுகையைப் போல, சிலர் நிறைவேற்றினால் ஊர் முழுவதன் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை அறியாத மலைக் கிராமங்களிலும் இந்த வேலை ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது.

இனி வண்டிகளுக்கு வருவோம். மலை மீட்பின் முதல் வாகனம் ஸ்ட்ரெச்சர். 1928-இல் இங்கிலாந்தின் லாடோ பாறைகளில் விழுந்த ஒருவரை, கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய படுக்கையில், வலிக்கு மருந்தே இல்லாமல், பல மணி நேரம் சுமந்து வந்தார்கள். கடைசியில் அவருடைய காலை எடுக்க வேண்டியதாயிற்று. சிகிச்சை அளித்த மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே, விழுந்ததில் பட்ட அடியை விடச் சுமந்து வந்த விதம்தான் அவரை அதிகம் பாதித்தது என்று கருதினார். அதன் பிறகு மலைக்கென்றே ஸ்ட்ரெச்சர் செய்ய மலையேறும் சங்கங்கள் ஒரு கமிட்டி போட்டன. யூஸ்டஸ் தாமஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த தாமஸ் ஸ்ட்ரெச்சர் அப்படி வந்ததுதான். அடியில் சறுக்குக் கட்டைகள் இருக்கும். தூக்க முடியாத இடத்தில் புல்லின் மேல் இழுத்துக்கொண்டு போகலாம். வில்சன் ஹே அதோடு நிற்கவில்லை. மலை மீட்பு நிலையங்களில் மார்பின் வைக்க வேண்டும் என்று சட்டத்தை மீறியே அதை விநியோகித்தார். 1949-இல் வழக்குப் போட்டு 10 பவுண்ட் அபராதம் விதித்தார்கள். பிறகு அரசே அனுமதி கொடுத்தது.

இன்று பல குழுக்களிடம் இருப்பது பெல் ஸ்ட்ரெச்சர். துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. இரண்டு பாதியாகப் பிரியும். ஆளுக்கு ஒரு பாதியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி, மேலே போய் இணைத்துக்கொள்வார்கள். ஸ்காட்லாந்தில் கிளென்கோ குழுவைத் தொடங்கிய ஹாமிஷ் மெக்கின்னஸ் மடக்கக்கூடிய ஸ்ட்ரெச்சர் ஒன்றைச் செய்தார்; அது உலகின் பல நாட்டு மலைகளுக்கும் போனது. சில குழுக்கள் ஸ்ட்ரெச்சருக்கு அடியில் ஒற்றைச் சக்கரம் ஒன்றை மாட்டிக்கொள்கின்றன. நல்ல பாதையில் அது தோள்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஸ்ட்ரெச்சருக்கு அடுத்து வந்தது லேண்ட் ரோவர். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி, விவசாயிக்காக உருவாக்கப்பட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும். அலுமினிய உடல் துருப்பிடிக்காது. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டலாம். மலை மீட்புக் குழுக்களின் படங்களில் பல ஆண்டுகள் தவறாமல் இடம்பெற்றது அதன் நீளமான டிஃபெண்டர் மாடல்தான். அந்தப் பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29-இல் நின்றுவிட்டது. பிறகு குழுக்கள் டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் போன்ற வண்டிகளையும் வேன்களையும் நாடின. பழையதை விட மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உதிரிபாகம் கிடைப்பதும் ஓட்டுபவருக்குப் பழகியிருப்பதும்தான் காரணம்; அதைப் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது.

அந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் இடத்தை எப்படிக் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள் என்பது புரியும். ஸ்ட்ரெச்சர், காற்றை உறிஞ்சியதும் உடம்பின் வடிவத்துக்கு இறுகி முதுகெலும்பை அசையவிடாமல் பிடிக்கும் வெற்றிட மெத்தை, குளிருக்கு அடிபட்டவரை முழுவதும் மூடும் தடித்த பை, ஆக்சிஜன், வலி குறைக்கும் வாயு, இதய அதிர்ச்சிக் கருவி, கயிறு, தலைவிளக்கு, வாக்கி டாக்கி. ஒவ்வொன்றுக்கும் இன்ன இடம் என்று உண்டு. இருட்டில், மழையில், கை விறைத்த நிலையிலும் தேடாமல் எடுக்க வேண்டும். வேலை முடிந்து திரும்பியதும், எவ்வளவு களைத்திருந்தாலும், நனைந்ததைக் காயப்போட்டு, தீர்ந்ததை நிரப்பி வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். அடுத்த அழைப்பு ஒரு மணி நேரத்தில்கூட வரலாம்.

பெரிய வேன் ஒன்றும் பல குழுக்களிடம் இருக்கும். அது ஆளையும் சாமானையும் ஏற்றுவதோடு கட்டுப்பாட்டு அறையாகவும் வேலை செய்யும். மலையடிவாரத்தில் நிறுத்தி, உயரமான ஆன்டெனாவை நிமிர்த்தி, வரைபடத் திரையில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வழி தவறியவரின் கைபேசிக்கு ஒரு லிங்க் அனுப்புவார்கள். அதைத் தொட்டால் அவர் நிற்கும் இடம் திரையில் தெரிந்துவிடும். முன்பு இரவெல்லாம் தேடிய தேடலைச் சில நேரம் இந்த ஒரு குறுஞ்செய்தி முடித்துவைக்கிறது. ஆளைக் கீழே கூட்டிவர மட்டும் யாராவது நடந்துதான் போக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களில் சில குழுக்கள் ஆர்கோகேட் என்ற எட்டுச் சக்கரச் சிறு வண்டியைப் பயன்படுத்துகின்றன. தண்ணீரிலும் மிதக்கும். வேல்ஸில் இன்னொரு விசித்திரம். நாட்டின் மிக உயர்ந்த மலையான ஸ்னோடனின் உச்சி வரை 1896-இல் போட்ட மலை ரயில் ஒன்று ஓடுகிறது. 1,085 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைப் பார்த்துக்கொள்ளும் லான்பெரிஸ் குழு, வசதி அமைந்தால் அடிபட்டவரை அந்த ரயிலிலேயே இறக்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பற்சக்கர ரயிலில் போனவர்கள், அதே ஆப்ட் முறைத் தண்டவாளத்தைத்தான் அங்கும் காண்பார்கள்.

ஆனால் எந்த வண்டியானாலும் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான். ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்க ஒரே நேரத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் பிடிக்க வேண்டும். கரடுமுரடான சரிவில் சில நிமிடங்களிலேயே கை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு மடங்கு ஆட்கள் தேவை. செங்குத்தான இடத்தில் மேலிருந்து கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டும். கணுக்கால் பிசகிய ஒருவருக்காக இருபது பேர் ஒரு நாளை விட்டுக்கொடுப்பது அங்கே சாதாரணம். 2021 பிப்ரவரியில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், லேக் டிஸ்ட்ரிக்டில் விதியை மீறி மலையில் கூடாரம் போட்ட இருவரில் ஒருவருக்கு நெஞ்சுவலி. உதவிக்கு இருட்டில் ஏறிய தன்னார்வலர் ஒருவர் சரிவில் விழுந்து, வாழ்நாள் முழுவதற்கும் உடல் செயலிழந்தார். கூடாரம் போட்டவர்களுக்குக் கிடைத்தது 200 பவுண்ட் அபராதம்.

ஹெலிகாப்டர் இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு என்று தோன்றும்.

விமானத்துக்கும் மலை மீட்புக்கும் உள்ள உறவு தலைகீழாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பயிற்சி விமானங்கள் வேல்ஸ் மலைகளில் மோதி விழுந்துகொண்டிருந்தன. விழுந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடுவதற்காக, 1943 வாக்கில், லான்ட்ராக் விமானப்படைத் தளத்தின் மருத்துவ அதிகாரி ஜார்ஜ் கிரஹாம் ஒரு குழுவைத் திரட்டினார். பிரிட்டிஷ் விமானப்படையின் மலை மீட்புப் பிரிவு அதிலிருந்து வளர்ந்தது. விமானத்தை மீட்க மனிதர்கள் நடந்தார்கள். மனிதர்களை மீட்க விமானம் வந்தது பிறகுதான்.

பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவை விமானப்படையின் மஞ்சள் நிற ஹெலிகாப்டர்கள். முதலில் வேர்ல்விண்ட், அடுத்து வெசெக்ஸ், 1978 முதல் சீ கிங். இளவரசர் வில்லியம்கூட வேல்ஸின் வேலி தளத்தில் சீ கிங் ஓட்டியவர்தான். 2015-இல் அந்தப் படைப்பிரிவு மீட்புப் பணியிலிருந்து விலகியது. இப்போது கடலோரக் காவல் அமைப்புக்காகப் பிரிஸ்டோ என்ற தனியார் நிறுவனம் ஓட்டுகிறது, செலவு அரசுடையது. பெரும்பாலும் சிக்கோர்ஸ்கி எஸ்-92, ஏடபிள்யூ-189 ஆகிய இரண்டு வகைகள். ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் தரையிலிருக்கும் குழு கேட்கும். தெற்கே ஃபேர்ஹாமில் உள்ள கட்டுப்பாட்டு மையம் முடிவு செய்து அனுப்பும். ஆகாயத்தில் இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் வல்லுநர்கள். கீழே நடப்பவர்கள் தன்னார்வலர்கள்.

எஸ்-92 சுமையோடு புறப்படும்போது ஏறத்தாழ 12 டன் இருக்கும். நம் ஊர் லாரி ஒன்றின் எடை. அதைக் காற்றில் நிறுத்தி வைக்க எவ்வளவு காற்றைக் கீழே தள்ள வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காற்று கூடாரத்தைப் பிடுங்கும், கல்லை உருட்டும், விளிம்பில் நிற்பவரைத் தள்ளிவிடும். 2022 மார்ச்சில் பிளிமத் நகரில் ஒரு மருத்துவமனைத் தளத்தில் இறங்கிய மீட்பு ஹெலிகாப்டரின் காற்றில், பக்கத்துக் கார் நிறுத்தத்தில் நடந்துகொண்டிருந்த 87 வயது மூதாட்டி விழுந்து இறந்தார். காப்பாற்ற வந்த வண்டிதான். ஆனால் அதற்கும் ஒதுங்கி நிற்கும் முறை உண்டு.

மேகத்தில் ஹெலிகாப்டர் பெரும்பாலும் பயனற்றது. பாறை எங்கே என்று விமானிக்குத் தெரியாது. குளிர் மேகத்தில் இறக்கையில் பனி படியும். ஆனால் மலையில் ஆள் தவறுவதே மேகம் மூடிய நாளில்தான். அப்போது ஒரு வழி செய்கிறார்கள்: மேகத்தின் அடிமட்டம் வரை குழுவினரை ஏற்றிப் போய் இறக்கிவிடுகிறார்கள். இரண்டு மணி நேர ஏற்றம் மிச்சம். அங்கிருந்து அவர்கள் நடந்து போய், அடிபட்டவரை மேகத்துக்குக் கீழே தூக்கி வந்தால், ஹெலிகாப்டர் வாங்கிக்கொள்ளும். வானம் தெளிவாக இருந்தால் இரும்பு வடத்தில் ஒருவர் நேராகவே இறங்கிக் கட்டித் தூக்கிவிடுவார். இரவிலும் இருட்டில் பார்க்கும் கண்ணாடி போட்டு வேலை செய்வார்கள். எந்த முறை சரிப்படும் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். அதனால் ஹெலிகாப்டர் வருகிறது என்று கேட்ட பிறகும் நடைக்குழு புறப்பட்டுவிடும், ஒருவேளை அது திரும்பிப் போய்விடலாம் என்பதால். ஆபத்தும் இல்லாமல் இல்லை. 1987-இல் ஸ்காட்லாந்தின் பென் மோர் மலையில் வெசெக்ஸ் ஒன்று விழுந்ததில், கில்லின் மீட்புக் குழுவின் தலைவர் உயிரிழந்தார்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஏர் ஆம்புலன்ஸ். வேல்ஸ் ஏர் ஆம்புலன்ஸ் 2001 மார்ச் 1-இல் தொடங்கிய அறக்கட்டளை. மக்கள் நன்கொடையில் நடப்பது. வடக்கு இங்கிலாந்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. இவை மருத்துவரை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் ஆளைத் தூக்கும் வடம் இவற்றில் இல்லை. சமமான இடம் பார்த்து இறங்கியாக வேண்டும். அங்கிருந்து நோயாளி வரை மருத்துவரை அழைத்துப் போவதும், நோயாளியைச் சுமந்து வருவதும் மறுபடி அதே தன்னார்வலர்கள்தான்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது சுவிட்சர்லாந்தின் ரேகாவைச் சொல்லாமல் விட மனமில்லை. 1952-இல் தொடங்கிய வான் மீட்பு அமைப்பு அது. அதன் பணியாளர்கள் சம்பளக்காரர்கள், ஆனால் மலையில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர் மீட்பர்களில் பலர் தன்னார்வலர்கள். 1957-இல் அந்நாட்டுக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் சேர்ந்து ரேகாவுக்கு ஒரு ஹெலிகாப்டரையே நன்கொடையாகக் கொடுத்தன. இருந்தும் பத்து ஆண்டுகள் ஆவதற்குள் அமைப்பு பணமில்லாமல் தடுமாறியது. ஹெலிகாப்டர் இருந்தது, ஓட்டக் காசு இல்லை. 1966-இல் பொதுமக்களுக்குக் கடிதம் எழுதி, ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை தரும் ஆதரவாளர்களாகச் சேரும்படி கேட்டார்கள். இன்று ஆதரவாளர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. ரேகாவின் பெரும் பலம் அந்தச் சிறு தொகைதான்.

நம் பழக்கத்தை இங்கே கொஞ்சம் மென்மையாகச் சொல்லத்தான் வேண்டும். வண்டியின் கதவில் தகப்பனார் பெயரை எழுத நம்மில் பலர் முன்வருவோம். டயரில் யாரும் பெயர் எழுத முடியாது. எஃப்.சி. காட்டும் செலவுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஓட்டுநரின் இரவுச் சாப்பாட்டுக்கும் கல்வெட்டு கிடையாது. ஆனால் வண்டி ஓடுவது இவற்றால்தான். மாதம் 100 ரூபாய் தவறாமல் தருகிற வீடுகள் இருநூறு இருந்தால் ஒரு ஆம்புலன்ஸின் டீசல் கவலை பெரிதும் தீரும். ஓட்டுநர் உரிமமும் முதலுதவிப் பயிற்சியும் உள்ள பத்து இளைஞர்கள் முறை வைத்துப் பெயர் கொடுத்தால், அதுவும் ஸதகாதான்.

வண்டி நின்ற இடத்துக்கு அப்பால் போக ஆள் வேண்டும் என்பதற்கு நம் பக்கத்து மலையே சாட்சி. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது சூரல்மலையில் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. ஆம்புலன்ஸ்கள் ஒரு கரையில். அடிபட்டவர்கள் மறு கரையில். ராணுவம் 190 அடி பெய்லி பாலத்தை முடித்தது ஆகஸ்ட் 1-இல். அதற்கு முன்பே, ஆற்றுக்கு மேல் கட்டிய கயிற்றில் தொங்கியபடி மருந்துப் பையோடு அக்கரைக்குப் போய்ச் சிகிச்சை அளித்தவர் நம் நீலகிரி மாவட்டம் கூடலூரின் செவிலியர் சபீனா. தமிழக அரசு அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள். பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் மலைக்குப் போவார்கள். அங்கே ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் என்றும், பிறகு மலை மீட்பு என்றும் கேட்க வேண்டும். ஆம்புலன்ஸ் என்று மட்டும் கேட்டால் செய்தி சுற்றிக்கொண்டு போய்ச் சேர நேரமாகும். கட்டணம் எதுவும் இல்லை. பில் வருமோ என்று பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம். இந்தியாவில் என்றால் 112.

கைபேசியில் சார்ஜை மிச்சம் பிடியுங்கள். தேடி வருபவர்கள் அழைப்பது அந்த எண்ணில்தான். சிக்னல் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. இரவில் டார்ச்சாலும் இதே கணக்கு. பதிலாக மூன்று முறை கேட்டால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று அர்த்தம். ஆனாலும் அவர்கள் பக்கத்தில் வரும் வரை நிறுத்தாதீர்கள், சத்தத்தை வைத்துத்தான் திசை பிடிக்கிறார்கள். ஹெலிகாப்டர் தெரிந்தால் இரண்டு கைகளையும் மேலே அகல விரித்து நில்லுங்கள்; உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கையை மட்டும் தூக்கினால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். துப்பட்டா, தொப்பி, பை, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டு, குழந்தைகளை அணைத்துக்கொண்டு குனிந்து உட்காருங்கள். அது இறங்கிய பிறகும், உள்ளேயிருந்து கை காட்டும் வரை கிட்டே போகாதீர்கள். வால் பக்கம் எக்காரணம் கொண்டும் போக வேண்டாம். அங்கே சுழலும் விசிறி கண்ணுக்கே தெரியாது.